ஞாயிற்றுக்கிழமைக்குப் போன அரசர் நாள்

தொண்ணூறு மீட்டர் ஆரஞ்சுக் கொடித் தோரணத்தை ஹெர்மின் டாகன்ஸ் ஒவ்வொரு ஏப்ரலிலும் குளியல் தொட்டியில் ஊறப்போட்டுக் கையால்தான் துவைப்பாள். இயந்திரத்தில் போட்டது ஒரே ஒரு வருஷம். வெளியே வந்தபோது அது தோரணமாக இல்லை, ஒரு பெரிய ஆரஞ்சு முடிச்சாக இருந்தது. அதைப் பிரிக்கக் கணவன் பெரென்டுக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. அதிலிருந்து கைதான். முட்டியின் கீழ் ஒரு பழைய துண்டு, கையில் தேய்க்கும் தூரிகை, தொட்டி விளிம்பில் காபி. பரணில் பதினொரு மாதம் கிடந்த பூஞ்சை வாடை சோப்பு நுரையில் கரைந்து போகும்போது, அவளுக்கு வருஷம் அப்போதுதான் பிறப்பது போலிருக்கும்.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியத்துக்கு மேல்தான் அவள் பேருந்து ஓட்டப் போக வேண்டும். அரசர் நாளுக்கு நான்கு நாள் இருந்தது.

கைபேசி கழுவு தொட்டியின் மேல் கிடந்து அதிர்ந்தது. ஈரக்கையோடு எடுத்தாள். குழந்தைகள் குதிக்கும் காற்றுக் கோட்டையை வாடகைக்கு விடுகிறவர்.

"அம்மா, மோலன் தெருதானே? கோட்டைய ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்குக் கொண்டு வந்தா சரியா?"

"ஞாயித்துக்கிழமை எதுக்கு? சனிக்கிழமை."

"நீங்க எழுதினது இருபத்தேழு அம்மா. இருபத்தேழு ஞாயிறு."

ஹெர்மின் தூரிகையைத் தண்ணீரில் விட்டாள்.

"சனிக்கிழமைக்கு மாத்துங்க."

அந்த மனிதர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, பரிதாபப்படுகிறவரின் சிரிப்பு. "அரசர் நாளுக்கா? நவம்பர்லயே எல்லாம் போயாச்சும்மா. நீங்கதான் ஞாயித்துக்கிழமைக்குக் கேட்டிருந்தீங்க. பரவால்லையே, கூட்டமில்லாத நாளா பாத்துப் பிடிச்சிருக்காங்களேன்னு நெனச்சேன்."

அரசரின் பிறந்த நாள் ஏப்ரல் இருபத்தேழு. அது ஞாயிறில் விழுந்தால் கொண்டாட்டம் முந்தின நாள் சனிக்கிழமைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையின் அமைதியைக் கெடுக்கக் கூடாது என்பது நாட்டின் பழைய ஏற்பாடு. மோலன் தெருவில் நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஹெர்மினுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். முந்தின அரசியின் காலத்தில் கொண்டாட்ட நாளாக இருந்த ஏப்ரல் முப்பது ஞாயிறில் விழுந்தபோது ஒரு நாள் முன்னால் நகர்த்தியவள் அவள். புது அரசரின் முதல் வருஷத்திலும் அப்படியே சனிக்கிழமைக்கு மாற்றி, பக்கத்துத் தெருக்காரர்கள் இரண்டு பேர் தப்பாக எழுதியிருந்ததைத் திருத்தியும் கொடுத்தவள். இந்தச் சனிக்கிழமைக்கு டிப்போவில் விடுப்புக்கூட வாங்கி வைத்திருக்கிறாள்.

ஜனவரியில் ஒரு மழை நாள் சாயங்காலம், போன வருஷத்து விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்து அப்படியே பார்த்து எழுதினாள். வருஷத்தை மாற்றினாள், தேதியை விட்டுவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டே தெருவை அடைக்க நகராட்சி அனுமதி, கோட்டை, பித்தளை வாத்தியக் குழு எல்லாம் வரிசையாக இருபத்தேழுக்குப் போய் உட்கார்ந்துவிட்டன.

தபால் பட்டுவாடா வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்த பெரென்ட், தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பார்த்தான். தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

"என்ன, தோரணம் செத்துப் போச்சா?"

அவள் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே குனிந்து தன் ஷூவைக் கழற்றினான்.

"வாத்தியக் குழு?"

"கூப்பிட்டேன். சனிக்கிழமை அவங்களுக்கு நாலு எடத்துல வாசிப்பாம்."

"நகராட்சி?"

"எட்டு வாரத்துக்கு முன்னாடி சொல்லணுமாம்."

"சரி, போய்ச் சொல்லிடு. தேதியத் தப்பா எழுதிட்டேன்னு. யாரு என்ன பண்ணிடப் போறாங்க?"

ஹெர்மின் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள். யாரும் ஒன்றும் பண்ண மாட்டார்கள், அதுதான் சங்கடம். ஒரு கடுஞ்சொல் வராது. 'இருபத்திரண்டு வருஷம் பண்ணிட்டே, கொஞ்சம் ஓய்வெடு' என்று அன்பாகச் சொல்வார்கள். பூங்கொத்து ஒன்று வரும். அதோடு, சமையலறைக் குளிர்பெட்டியின் மேல் இருபத்திரண்டு வருஷமாக இருக்கும், கொண்டாட்டக் காகிதங்கள் அடங்கிய நீலக் கோப்பு, இருபத்தொன்பதாம் எண் வீட்டு மேரெல் பிரான்ட்ஸ்மாவின் வீட்டுக்குப் போய்விடும். மேரெலுக்கு முப்பத்து நான்கு வயது. தெருவுக்கு வந்து மூன்று வருஷம், கொண்டாட்டக் குழுவில் சேர்ந்து இரண்டு வருஷம். எல்லாப் பட்டியலும் கைபேசியில் வைத்திருப்பாள். நல்ல பெண். அதனால் அவளைத் திட்டவும் வழியில்லை.

ஹெர்மின் ஸ்வோல்லே நகரத்தின் அசென்டோர்ப் பகுதியில், ரயில் பட்டறைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவள். இருபத்தேழு வயதில் நகரப் பேருந்து ஓட்ட வந்தபோது டிப்போவில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கிடையாது. முதல் வாரம், ஸ்டீயரிங்கில் ஒரு பெண்ணைப் பார்த்து, ஏறிய ஒரு கிழவர் இறங்கிப் போனார். அடுத்த பேருந்துக்கு அவர் நாற்பது நிமிஷம் மழையில் நின்றதை அவள் திரும்பி வரும்போது பார்த்தாள். நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து, "இப்பவும் நான்தான்" என்றாள். கிழவர் ஏறிக்கொண்டார். முப்பத்தோரு வருஷ வேலையில் அவள் கற்றுக்கொண்டது இதுதான்: நேரத்துக்குக் கிளம்பு, சந்தேகத்தை முகத்தில் காட்டாதே. ஓட்டுநர் தயங்கினால் ஐம்பது பேரும் கம்பியை இறுக்கிப் பிடிப்பார்கள்.

தெருவிலும் அப்படியே. அதுவரை கொண்டாட்டத்தை நடத்திய கசாப்புக் கடைக்காரர் ஊரைவிட்டுப் போனபோது நீலக் கோப்பு அவள் கைக்கு வந்தது. அதற்கு முன்னால் மோலன் தெருவின் கொண்டாட்டம் என்றால் இரண்டு மேஜை, ஒரு பீர்ப் பெட்டி. அவள் வந்ததும் தெருவை அடைத்து, நடுவில் முப்பது மீட்டருக்கு ஒரே மேஜை வரிசை போட்டாள். கயிற்றில் தொங்கும் மசாலா கேக்கைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கடிக்கும் பந்தயத்தில், அரை நூற்றாண்டாகப் பேசாத இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரே துண்டுக்கு மோதிக்கொண்டார்கள். இடுப்பில் கட்டிய நூலில் ஆணியைத் தொங்கவிட்டு, பின்பக்கமாகக் குந்தி பாட்டிலுக்குள் இறக்கும் போட்டியில் பல் மருத்துவர் ஒருவர் மூன்று வருஷம் தொடர்ந்து தோற்றார். பிடிவாதமாக நான்காம் வருஷமும் வந்தார்.

செவ்வாய் இரவு வேலை முடிந்து அவள் திரும்பியதும் குழு அவள் சமையலறையில் கூடியது. மேரெல், மின்கம்பி இழுக்கும் கொர்னே, பெரென்ட். ஹெர்மின் காபி ஊற்றினாள். உட்காரவில்லை.

"இந்த வருஷம் நம்ம தெருவுக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள்.

பெரென்ட் கரண்டியை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமையா?" என்றான் கொர்னே.

"சனிக்கிழமை ஊரே சந்தைல கெடக்கும். நம்மாளுங்கள்ல பாதிப் பேரு அங்க போயிடுறாங்க. போன வருஷம் மூணு மணிக்கு மேஜைல எத்தன பேர் இருந்தோம்? சொல்லு. சனிக்கிழமை எல்லாரும் நடைபாதைல ஜமக்காளத்த விரிச்சு விக்கிறத வித்துக்கங்க. ஞாயித்துக்கிழமை தெரு நமக்கே நமக்கு. அதுவும் அரசர் பொறந்தது அன்னிக்குத்தான்."

கொர்னே யோசித்தான். "அதுவும் சரிதான். சனிக்கிழமை எனக்கு எங்க மச்சான் வீட்டுல வேற ஒயர் இழுக்கணும்."

மேரெல் வாயைத் திறந்தாள். ஹெர்மினின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைபேசியைக் கவிழ்த்து மேஜையில் வைத்தாள். "டொம்பூஸ் கேக்க சனிக்கிழமைக்கு ஆர்டர் பண்ணிட்டேன்" என்றாள். "எம்பது. ஒரு நாள் குளிர்ல இருந்தா கெட்டுப் போகாது. மேல இருக்கிற ஆரஞ்சுச் சக்கரைப் பூச்சு மட்டும் கொஞ்சம் வேர்க்கும்."

"வேர்க்கட்டும்" என்றாள் ஹெர்மின்.

அவர்கள் போன பிறகு பெரென்ட் கோப்பைகளைக் கழுவினான். "பஸ் தப்பான ரோட்டுல போனா நீ என்ன சொல்லுவே?" என்று கேட்டான்.

"மாற்றுப் பாதைன்னு சொல்லுவேன்."

"ஐயோ கடவுளே" என்றான்.

அவள் போட்ட கணக்கில் பக்கத்து வீடு மட்டும் விடுபட்டுப் போயிருந்தது.

எவெர்ட் டிம்மர், எழுபத்து நான்கு வயது, ஓய்வுபெற்ற தச்சர், சீர்திருத்தத் திருச்சபையின் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் தொட மாட்டார், புல் வெட்ட மாட்டார், உருளைக்கிழங்குகூட அவர் வீட்டில் சனிக்கிழமையே தோல் உரிந்துவிடும். ஆனால் அரச குடும்பத்தின்மேல் அவருக்கு இருக்கும் பற்றுக்குத் தெருவில் ஈடில்லை. அரசர் நாளன்று சூரியன் உதிக்கும் நிமிஷத்தை நாளிதழில் பார்த்து, அதே நிமிஷத்தில் கொடியை ஏற்றி, மேலே அரச குடும்பத்தின் நிறமான ஆரஞ்சுப் பட்டையைச் சரியாகத் தொங்கவிடுபவர். தெருவின் பதினான்கு மடக்கு மேஜைகளும் அவர் கையால் செய்தவை. இருபது வருஷமாக அவர் கொட்டகையிலேயே இருக்கின்றன.

வியாழக்கிழமை காலை, வேலிக்கு அந்தப் பக்கம் அவர் தொப்பி தெரிந்தது.

"பக்கத்து வீட்டம்மா."

"காலை வணக்கம், பக்கத்து வீட்டய்யா."

"கேள்விப்பட்டேன்."

"ஆமா, நானே வந்து சொல்லலாம்னுதான்..."

"கொட்டகச் சாவி இந்த வருஷம் எங்கிட்டயே இருக்கட்டும்." கோபமில்லாமல் சொன்னார். வேலியின் ஒரு கிளையைக் கிள்ளி எறிந்தார். "இருபது வருஷமா நம்ம தெருவுக்கு நாங்க ஒரு தொந்தரவும் குடுத்ததில்ல. நீங்களும் குடுத்ததில்ல. அதான் வெளங்கல, ஏன் வேணும்னே இப்பிடிப் பண்ணணும்னு."

தொப்பி மறைந்தது.

'வேணும்னே.' அந்தச் சொல் அன்று முழுக்க அவளோடு பேருந்தில் வந்தது. ரயில் நிலைய நிறுத்தத்தில் இரண்டு நிமிஷம் முன்னதாகவே கிளம்பிவிட்டாள். அவள் வாழ்க்கையில் நடக்காத காரியம்.

மேஜை இல்லாவிட்டால் வேறு மேஜை தேடலாம். வீட்டுக்கு வீடு சாப்பாட்டு மேஜையைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னால் வருவார்கள். அதெல்லாம் அவளுக்குக் கடினமில்லை. ஆனால் எவெர்ட், அவள் தம்மைக் காயப்படுத்த நினைத்துச் செய்ததாக நம்பிக்கொண்டு, திரைச்சீலைக்குப் பின்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும். அதைச் சொன்னால் மாலைக்குள் அவர் மனைவி ஆல்ச்சேக்குத் தெரியும். ஆல்ச்சேக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். நீலக் கோப்பு நடந்தே போய்விடும்.

வெள்ளிக்கிழமை மதியம் சீருடையோடேயே போய் மணியை அடித்தாள்.

எவெர்ட்டின் கூடத்தில் சுவர்க் கடிகாரம் உரத்து அடித்துக்கொண்டிருந்தது. ஆல்ச்சே காபி கொண்டு வந்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினாள். ஆளுக்கு ஒன்று எடுத்ததும் மூடியை அழுத்தி மூடினாள்.

"அரசர் பொறந்த நாள் நெஜமா ஞாயித்துக்கிழமைதானே" என்று ஹெர்மின் தொடங்கினாள். அவளுக்கே அது கேவலமாகப் பட்டது.

"அரசருக்கே தன் பொறந்த நாளத் தள்ளி வெக்கத் தெரிஞ்சிருக்கு" என்றார் எவெர்ட். "மோலன் தெருவுக்குத் தெரியல."

கடிகாரம் அடித்தது. ஹெர்மின் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள்.

"நான் தேதியத் தப்பா எழுதிட்டேன், எவெர்ட்."

முப்பது வருஷத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்னது?"

"பாரத்துல. போன வருஷத்தப் பாத்து எழுதினேன். இருபத்தேழுன்னு போட்டுட்டேன். எல்லாம் அதப் பாத்தே நடந்துபோச்சு. செவ்வாக்கிழமைதான் எனக்கே தெரியும். வேணும்னே பண்ணல. யோசிச்சும் பண்ணல. எரும மாதிரி பாத்து எழுதிட்டேன்."

எவெர்ட் மனைவியைப் பார்த்தார். ஆல்ச்சேயின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அவள் சிரிப்பை அடக்குவது ஹெர்மினுக்குத் தெரிந்தது.

"நீங்களா?" என்றாள் ஆல்ச்சே. "நீங்க தப்பா எழுதினீங்களா?"

"நானேதான்."

"எவெர்ட், ஹெர்மின் தேதியத் தப்பா எழுதிட்டாளாம்."

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், ஆல்ச்சே."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தச்சர்கள் ஒரு பலகையைப் பார்த்து எங்கே வெட்டலாம் என்று நிற்பது போல.

"ஞாயித்துக்கிழமை நான் மேஜை எடுத்துக் குடுக்க முடியாது. யாரும் வந்து எடுக்கவும் விட முடியாது."

"தெரியும்."

"ஆனா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அது உங்க தோட்டத்துல இருந்தா, அதுக்கப்புறம் அது எங்க போகுதுன்னு நான் பாத்துக்கிட்டிருக்க முடியாது." ஜன்னலிலிருந்து திரும்பினார். "வாத்தியம் எத்தன பேரு?"

"பதினோரு பேரு. ட்யூபாவும் உண்டு."

பெருமூச்சு விட்டார். "காலைல ஆராதனை முடிஞ்சு வந்து சாப்பிட்டுட்டுப் படுப்போம். சாயங்கால ஆராதனைக்கு நாலு பத்துக்குக் கெளம்புவோம். ஆறு மணி ஆகும் திரும்ப. வீட்டுல இல்லாத மனுசன் காதுல என்ன விழும்?"

ஆல்ச்சே பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். மூடியை இரண்டாம் தடவை திறந்தாள். ஸ்வோல்லேயில் இரண்டாவது பிஸ்கட் கிடைத்த வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை. ஹெர்மின் எடுத்துக்கொண்டாள்.

வாசல்வரை வந்த ஆல்ச்சே குரலைத் தாழ்த்தினாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா சொல்லாம இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது."

சனிக்கிழமை மழை தூறியும் தூறாமலும் கழிந்தது. எவெர்ட்டின் கொடி ஆறு மணி தாண்டி உதித்த சூரியனோடு ஏறிவிட்டது. நகரமே ஆரஞ்சில் நனைந்து கிடந்தது. ஹெர்மின் நடைபாதையில் ஜமக்காளம் விரித்து, பேரப்பிள்ளை இல்லாத வீட்டில் எப்படியோ சேர்ந்துவிட்ட பதினேழு பொம்மைகளையும் ஒரு பான்கேக் சட்டியையும் விற்றாள். ஆறு மணிக்கு பெரென்டும் எவெர்ட்டும் பதினான்கு மேஜைகளைச் சுமந்து வந்து அவள் தோட்டத்தில் சாய்த்து வைத்தார்கள். கடைசி மேஜையை வைத்துவிட்டு எவெர்ட் அதன் காலை ஆட்டிப் பார்த்தார். "இது கொஞ்சம் ஆடும். பீர்க்காரங்க பக்கம் போடுங்க, அவங்களுக்குத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குத் தடுப்புகள் வந்தன. கோட்டையும் வந்தது. ஹெர்மின் வேலை இல்லாத நாளிலும் பேருந்துச் சீருடை அணிந்து, அதன் மேல் ஆரஞ்சுத் துண்டைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய்ச் சட்டத்தைச் சொன்னாள். "நாலு பத்து வரைக்கும் சத்தம் கிடையாது. சிரிக்கலாம், கத்தக் கூடாது. குதிக்கலாம், கூவக் கூடாது. கேக் கடிக்கிறவங்க மூச்சு மட்டும் விடலாம்."

"இது அரசர் நாளா, நூலகமா?" என்றார் பல் மருத்துவர்.

"நூலகத்துல பீர் கிடையாது. போய் உட்காருங்க."

ஆச்சரியம் என்னவென்றால் அது பிடித்துப் போயிற்று. குழந்தைகள் கோட்டையில் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். அடக்க முடியாமல் ஒருத்தி களுக்கென்றால் மற்ற பத்துப் பேரும் 'உஷ்' என்று அவளைவிடப் பெரிய சத்தம் போட்டார்கள். கண் கட்டிக்கொண்டு கேக்கைத் தேடிய கொர்னே பெரென்டின் காதைக் கடித்தான். பெரென்ட் வலியில் துள்ளினான், வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதைப் பார்த்து மேஜையே கண்ணில் நீர் வரச் சிரித்தது, சத்தமில்லாமல், தோள்கள் மட்டும் குலுங்க. டொம்பூஸின் ஆரஞ்சுப் பூச்சு வேர்த்துத்தான் இருந்தது. கடித்தால் உள்ளே இருந்த க்ரீம் நான்கு பக்கமும் பிதுங்கியது. யாரும் குறை சொல்லவில்லை.

நான்கு மணிக்கு வாத்தியக் குழு மேஜையின் கோடியில் நின்றுகொண்டது. நான்கு பத்துக்கு எவெர்ட் வீட்டுக் கதவு திறந்தது.

கறுப்பு மேலங்கி, கறுப்புத் தொப்பி, கையில் பாட்டுப் புத்தகம். ஆல்ச்சே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரு முழுக்க அறுபது பேர் உறைந்து நின்றார்கள். ட்யூபாக்காரர் வாயை வாத்தியத்தில் வைத்து, கன்னத்தை ஊதிக்கொண்டு, காத்திருந்தார். எவெர்ட் யாரையும் பார்க்காமல் மேஜையின் ஓரமாகவே நடந்தார். முனைக்குப் போனதும் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பினார். மறைந்தார்.

ஹெர்மின் தூக்கி வைத்திருந்த கையை இறக்கினாள்.

பதினோரு வாத்தியமும் ஒன்றாக வெடித்தன. அதுவரை அடக்கி வைத்த அத்தனை குரலும் கூடவே எழுந்தது. அடைத்திருந்த கதவை உடைத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. மேஜைமேல் கோப்பைகள் ஆடின. எட்டே எட்டுத் தாளம் போயிருக்கும்.

முனையில் ஆல்ச்சே.

வாத்தியம் பாதிச் சுரத்தில் செத்தது. கொட்டுக்காரன் ஒருவன் மட்டும் கவனிக்காமல் இன்னும் இரண்டு அடி அடித்தான்.

ஆல்ச்சே வேகமாக நடந்து வந்தாள், வீட்டுக்குள் போனாள், மிட்டாய்ச் சுருளோடு வெளியே வந்தாள். பிரசங்கத்துக்கு நடுவே வாயில் போட்டுக்கொள்ளும் பெப்பர்மின்ட். அது இல்லாமல் எவெர்ட்டால் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. ட்யூபாக்காரரைக் கடக்கும்போது நின்று, சுருளைப் பிரித்து, ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

"நான் திரும்பி வரவே இல்லன்னு நெனச்சுக்கங்க" என்றாள். "நல்லா வாசிக்கிறீங்க."

அதற்குப் பிறகு ஆறு மணி வரை மோலன் தெருவில் பேசினால் காதில் விழவில்லை. ஆணிப் போட்டியில் பல் மருத்துவர் ஜெயித்தார். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவின் இரண்டு கோடிக்கும் போய் வந்தார்கள். ஆறு மணிக்கு வாத்தியம் நின்றது. எவெர்ட் தம்பதி வந்தது ஆறு இருபதுக்கு. ஆற்றங்கரைப் பக்கமாகச் சுற்றி வந்திருந்தார்கள்.

"அடுத்த வருஷமும் இப்பிடியே வெக்கலாம்" என்று கொர்னே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். "ஹெர்மின் எப்பிடித்தான் யோசிச்சாளோ!" ஹெர்மின் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். தன்மேலேயே நம்பிக்கை திரும்பி வருவது அவளுக்குப் புதுச் செருப்பு காலில் பொருந்துவது போலிருந்தது. கோப்பு குளிர்பெட்டியின் மேல் பத்திரமாக இருந்தது.

ஏழரை மணிக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. சமையலறையில் மேரெல் தட்டுகளைக் கழுவ, ஹெர்மின் துடைத்தாள். பிறகு நீலக் கோப்பை இறக்கி மேஜையில் விரித்து, வாத்தியக் குழுவின் ரசீதை அதில் செருகினாள். விண்ணப்பத்தின் நகல் மேலேயே இருந்தது.

மேரெல் கையைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"இத நான் பிப்ரவரிலயே பாத்தேன்" என்றாள்.

ஹெர்மினின் கை நின்றது.

"அனுமதிக் கடிதத்தோட நகல் எனக்கும் வந்துச்சே. இருபத்தேழுன்னு இருந்துது. கேக்கலாம்னு மூணு தடவ வாசல்வரைக்கும் வந்தேன்." மேரெல் சிரிக்க முயன்றாள். "உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு திரும்பிப் போயிட்டேன். செவ்வாக்கிழமை நீங்க சொன்னப்போ, பாத்தியா, வேணும்னேதான் வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். அப்புறம் பெரென்ட் கூரையப் பாத்தாரு."

குழாய் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று விழுந்தது. பிப்ரவரி. நகராட்சியின் எட்டு வாரக் கெடுவுக்கு இன்னும் நாள் மிச்சம் இருந்திருக்கும் பிப்ரவரி. ஒரே ஒரு ஆள் மணியை அடித்திருந்தால் போதும். அந்த ஒரு ஆள் மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் அடிக்காமல் போயிருக்கிறாள். மழையில் இறங்கிப் போன கிழவரிடம் காட்டிய அதே முகத்தைத்தான் தெருவுக்கும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று ஹெர்மினுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் தப்பும் தெரியவில்லை.

"ஹெர்மின்" என்றாள் மேரெல். குரலில் குத்தல் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அடுத்த வருஷம் இந்த மாதிரி ஏதாவது என் கண்ணுல பட்டா, உங்ககிட்ட வந்து சொல்லலாமா?"

ஜன்னலுக்கு வெளியே தோரணம் காற்றில் படபடத்தது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. ஹெர்மின் துடைக்கும் துணியை நாற்காலியின் முதுகில் மடித்துப் போட்டாள். கோப்பைப் பார்த்தாள். மூடப் போனவள் மூடாமல், அதை மேரெலின் பக்கமாகத் திருப்பி, பேனாவை எடுத்து அதன் நடுவில் வைத்தாள். பிறகு தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு, மழைக்கு முன்னால் தோரணத்தை இறக்கப் போனாள்.